மீன்சட்டியை மறைத்து வைத்த ஐந்து நாள்

சுசீந்திரம்,
கொல்லம் 1128 மாசி 10

அன்புள்ள மகன் பூதலிங்கத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. தாணுமாலயன் கிருபையில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், செவலைப் பசு தை கடைசியில் கிடாரிக்கன்று போட்டது, அதுவும் சுகம். உன் சுகத்தை அறிய ஆசைதான், ஆனால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அதன்பிறகு நீ சொன்னால் போதும். நின்றுகொண்டு படிக்காதே மக்கா, உட்கார்ந்து படி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே.

முதலில் ஒரு காரியம். அமலாவின் அப்பா கங்குலி ஐயா இங்கே நம் வீட்டில் தங்கியிருந்தபோது தன் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இது உன் கைக்குக் கிடைப்பதற்கு முன்பே அது கல்கத்தா போய்ச் சேர்ந்திருக்கும். உனக்கும் அமலாவுக்கும் கல்யாணம் வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அதை நம்பாதே. அமலாவையும் நம்ப வேண்டாம் என்று சொல். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்த் தபாலில் போட்டவர் வேறு யாருமில்லை, உன் அப்பாதான். நல்ல சேதி என்று நினைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரர் நடையிலே போய்ப் போட்டுவிட்டு வந்தார். அதற்கும் இதற்கும் நாலு நாள் வித்தியாசம். அந்த நாலு நாளில் நீ என்ன செய்திருப்பாயோ என்பதுதான் எனக்கு வெப்ராளம், சோறு இறங்கவில்லை, படுத்தால் கண் மூடவில்லை. அப்பா ஒரு வார்த்தை கடுத்துச் சொன்னார் என்று பூதப்பாண்டிக்கு நடந்தே போய் மூன்று நாள் மாமா வீட்டில் கிடந்தவன் நீ. வேலையை விட்டாயோ, அந்தப் பெண்ணோடு சண்டை பிடித்தாயோ, அவர்கள் வாசலில் போய் நின்று கத்தினாயோ, ஒன்றும் தெரியாமல் தவிக்கிறேன். தந்தி கொடுக்கலாம் என்று அப்பா சொன்னார், ‘கடிதத்தை நம்பாதே, நாங்கள் மீன் தின்போம்’ என்று இங்கிலீஷில் எழுதியும் பார்த்தார். தபாலாபீஸ்காரர் அதைப் படித்தால் எங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பார். அதோடு உன் மாமா போனதற்கு வந்தது ஒன்றுதான் இந்த வீட்டுக்கு வந்த தந்தி, தந்திக்காரனைக் கண்டதும் எங்கள் இரண்டு பேரில் ஒருத்தரை நீ மனசுக்குள் சுடுகாட்டுக்கு அனுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உள்ளதைச் சொன்னால், நீ இந்தப் பெண்ணைப் பற்றி எழுதிய முதல் கடிதம் வந்தபோது எனக்கு இஷ்டம் கிடையாது. பாஷை தெரியாதவள், ஊர் தெரியாதவள், எதற்கு என்று இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன், வேண்டாம் என்று நான் சொன்னால் நீ அங்கேயே கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவாய், எனக்கு மருமகளும் இல்லை மகனும் இல்லை என்று ஆகும். அதனால்தான் சரி என்று எழுதச் சொன்னேன். அதற்குப் பிறகு வந்தது உன் இரண்டாவது கடிதம். அதை இப்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கங்குலி ஐயா கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் யாத்திரை வருகிறார், நம் வீட்டில் ஒரு வாரம் தங்குவார், பிராமணர், ஆசாரமானவர், மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டைப் பார்த்து அவருக்குப் பிடித்தால்தான் கல்யாணம். இவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். இதில் மீன் என்று ஓர் எழுத்து உண்டா? வங்காளத்தில் பிராமணரும் மீன் சாப்பிடுவார் என்று எழுத உனக்கு மை தீர்ந்துபோயிற்றா? கப்பல் கம்பெனிக்கு நாள் முழுக்க டைப் அடிக்கிறாயே, பெற்றவளுக்கு ஒரு வரி கூட எழுதினால் விரல் தேய்ந்தா போகும்?

பிராமணர் என்றதும் எனக்கும் அப்பாவுக்கும் வேறு நினைப்பே வரவில்லை. நம் வீடோ மீன் இல்லாமல் ஒரு நாள் உலை கொதிக்காத வீடு. அவர் வருவதற்கு மூன்று நாள் முன்பே மீன்சட்டி நாலையும் சாக்கில் கட்டி மாட்டுத் தொழுத்தில் வைக்கோலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அம்மியையும் ஆட்டுரலையும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தேன், அடுக்களைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மணக்குடியிலிருந்து தினமும் தலையில் மீன் கடவத்தோடு வருகிற வியாகுலம்மாளைக் கூப்பிட்டு, பத்து நாளைக்கு இந்தத் தெருப் பக்கம் வராதே, தப்பித் தவறி வந்தாலும் கூவாதே என்று சொன்னேன். அவள் கடவத்தை இறக்காமலே, “மீனு என்னம்மா பாவஞ் செஞ்சுது, வாற அய்யாவுக்கு மணம் ஆவாதோ” என்று கேட்டுவிட்டுப் போனாள். பூனையை ஒளித்து வைக்க மறந்துபோனேன், அது ஒன்றுதான் குறை.

கங்குலி ஐயா வந்தார். உயரமான மனுஷர், மெலிந்த உடம்பு, வேட்டியை வேறு மாதிரிக் கட்டியிருந்தார், என்னைக் கண்டதும் கை கூப்பினார். அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் சர்க்கார் கச்சேரிக் காகிதத்து இங்கிலீஷ், எதிராளி பேசினால் புரியும், தான் பேச அது காணாது. அதனால் எங்கள் உபசாரம் எல்லாம் இலையில்தான் பேசவேண்டியிருந்தது. முதல் நாள் பருப்பும் நெய்யும், அவியல், எரிசேரி, ஓலன், ரசவடை, பாயசம். அடுத்த நாள் தீயல், புளிசேரி, இஞ்சிக் கிச்சடி, இன்னொரு பாயசம். இப்படி ஐந்து நாள். அவரும் தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டார், ஆனால் நாளுக்கு நாள் ஒரு பிடி குறைந்துகொண்டே வந்தது. நான் அதைப் பயணக் களைப்பு என்று நினைத்து இன்னொரு கரண்டி நெய் விட்டேன். பூனை அவர் காலடியில் வந்து உட்கார்ந்து கத்தும், அவர் அதற்குத் தயிர்ச்சோறு வைப்பார், அது முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கத்தும். இரண்டு பேருக்கும் ஒரே பசி, பூனை வாய்விட்டுச் சொன்னது, அவர் சொல்லவில்லை. நாலாம் நாள்தான் அவர் அந்தக் கடிதத்தை எழுதி ஒட்டி அப்பாவிடம் கொடுத்தார்.

ஆறாம் நாள் காலையில் வழக்கம்போலப் பழையாற்றங்கரையில் நடக்கப் போனவர் பத்து மணி ஆகியும் திரும்பவில்லை. அறையை எட்டிப் பார்த்தால் பெட்டி கட்டி வைத்திருக்கிறது. ஆற்றில் வழுக்கி விழுந்தாரோ, கோபித்துக்கொண்டு போனாரோ, கோபித்தவர் பெட்டியை விட்டுவிட்டா போவார் என்று நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். அப்பா கோயில் வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். அப்போது உப்பு வண்டிக்காரன் சுடலையாண்டி வாசலில் வண்டியை நிறுத்தி, “வங்காளத்து அய்யா மணக்குடிக் கரையில வியாகுலம்மா கூட இருக்காவ, சாப்பிட்டுட்டு வருவாவ, தேடாண்டாம்னு சொல்லச் சொன்னா” என்றான். சாப்பிட்டுவிட்டா! மணக்குடியில் என்ன சாப்பாடு இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆசாரமான மனுஷர், பாஷை தெரியாமல் யாரோ எதையோ கொடுக்க, இன்னதென்று அறியாமல் தின்றுவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும், பிறகு கல்யாணம் எங்கே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வண்டி கட்டி இரண்டு பேரும் போனோம். வழியெல்லாம் மாட்டைவிட நான்தான் அதிகமாக மூச்சு வாங்கினேன்.

பழையாறு கடலில் விழுகிற இடத்தில் காயல் கரையில் சந்தை கூடியிருந்தது. வள்ளங்கள் கரையோடு கரையாக நிற்கின்றன, ஒன்றில் தேங்காய், ஒன்றில் மரச்சீனிக்கிழங்கு, ஒன்றில் மண்பானை, பாதி வியாபாரம் தண்ணீரிலேயே வள்ளத்துக்கு வள்ளம் நடக்கிறது. ஒரு தென்னைமூட்டு நிழலில் வியாகுலம்மாளும் அவள் வீட்டுக்காரன் ஏசுஅடிமையும் இருக்கிறார்கள், நடுவில் சட்டி, அதில் தேங்காய் அரைத்து வைத்த கரிமீன் குழம்பு, பக்கத்தில் வெந்த மரச்சீனி. கங்குலி ஐயா சம்மணம் போட்டு உட்கார்ந்து முள்ளை நாக்காலேயே தள்ளி ஒதுக்கி ஒதுக்கித் தின்கிறார். பிறந்த நாள் முதல் மீன் தின்றவனுக்குத்தான் அந்தப் பழக்கம் வரும். எங்களைக் கண்டாரோ இல்லையோ, குழம்பு ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முகம் செத்துப்போயிற்று. மக்கா, ஐந்து நாள் நான் சட்டியை மறைத்தேன், அவர் கையை மறைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நம்மைச் சுத்த சைவம் என்று நினைத்து அவர் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். வியாகுலம்மாள் என்னைப் பார்த்து, “வெறுங்கடவத்தோட திரும்பி வாறேன், இவிய கடவத்துக்குள்ள எட்டிப் பாக்காவ. மொகத்தப் பாத்தாலே தெரியாதாம்மா, வயிறு காஞ்ச மனுசன்னு? கூட வாரும்னேன், வந்தாவ” என்றாள்.

அப்பா இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தார், ‘சார், வி’ என்பதற்கு மேல் வரவில்லை. இவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த மனுஷர் வெட்கத்திலேயே செத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. நான் மணலில் உட்கார்ந்தேன். அந்தச் சட்டியிலிருந்தே ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டேன். நீ அங்கே இருந்துகொண்டு இதில் என்ன இருக்கிறது என்று சொல்வாய். நான் இந்த ஊரில் இருக்கவேண்டியவள். சந்தையில் நின்ற சுசீந்திரத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள். அன்று சாயந்தரமே உன் அத்தை முத்துக்கனி வந்து, “நம்ம வீட்டுப் பொம்பள கடக்கரையில உக்காந்து அவிய சட்டியில தின்னாளாமே” என்று வாசலுக்கு வெளியே நின்றபடியே கேட்டுவிட்டுப் போனாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போகட்டும். நான் மீனை மென்றதைப் பார்த்ததும் கங்குலி ஐயா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மறைத்த கையாலேயே துடைத்துக்கொண்டு, மிளகாய் எரிந்து, அதற்கு வேறு அழுதார்.

பிறகு ஏசுஅடிமை விடவில்லை, வந்தவர்கள் காயலைப் பார்க்காமல் போகக்கூடாது என்று எங்களையும் வள்ளத்தில் ஏற்றிவிட்டான். நான் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். “பயப்படாதீங்கம்மா, இடுப்பளவு தண்ணிதான், விழுந்தா நின்னுக்கிடலாம்” என்று அவன் சிரித்தான். ஒவ்வொரு வள்ளமாக அணைத்து, இதைத் தின்னும், இதைக் குடியும் என்று அவர்கள் ஊர்ச் சாமான் எல்லாம் காட்டினான். பனையோலைப் பட்டையில் அப்போதுதான் பனையிலிருந்து இறக்கின அக்கானி வாங்கிக் கொடுத்தான், தென்னங்கொதும்பு எரித்துச் சுட்ட சாளைமீன், கருப்பட்டித் துண்டு, எல்லாவற்றையும் கங்குலி ஐயா ஒரு வாய் ருசித்து, பெயர் கேட்டு, தன் பாஷையில் அதற்கு என்ன பெயர் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவில் கிடையாது, ஆனாலும் ஓயாமல் பேசினார்கள். நடுக்காயலில் அவர் எழுந்து ஏசுஅடிமையின் கையிலிருந்து வள்ளம் ஊன்றுகிற கோலை வாங்கி, தானே ஊன்றினார். “இவிய ஆத்துக்காரவ, கோலு பிடிக்க பிடியே சொல்லுது” என்றான் ஏசுஅடிமை. அவர் ஊர் பாரிசாலில் சந்தையே ஆற்றில்தானாம், அரிசியும் கொய்யாவும் மீனும் தோணியிலேயே விற்குமாம், பெண்கள் தோணியில் போய்த்தான் காய்கறி வாங்குவார்களாம். அந்த ஆறு இப்போது வேறு நாடு ஆகிவிட்டது, மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டின துணியோடு ஓடி வந்தோம் என்று அப்பாவிடம் சொன்னார். நான் இந்த ஊருக்குக் கல்யாணம் ஆகி வந்து இருபத்தொன்பது வருஷம், நம் வயலுக்குத் தண்ணீர் விட்டுப் போகிற ஆறு போய்ச் சேருகிற இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கரைக்கு வந்தபிறகுதான் அந்தக் கடிதத்தில் என்ன எழுதினார் என்று அப்பாவிடம் சொன்னார். அவர்கள் வழக்கத்தில் மீன்தான் மங்கலமாம். கட்டுக்கழுத்தி மீன் தின்றே ஆகவேண்டும், தாலி போனவள்தான் மீனை விடுவாளாம். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட ஐந்து நாள் விருந்தும் அவர் கண்ணுக்கு அறுத்தவள் வீட்டுச் சோறாகத் தெரிந்திருக்கிறது. வீட்டார் நல்லவர்கள், ஆனால் நம் பெண் இங்கே புருஷன் இருக்கும்போதே விதவைச் சோறு தின்பாள், அதனால் வேண்டாம் என்று அமலாவின் அம்மாவுக்கு எழுதிவிட்டார். அப்பா அதைக் கேட்டு, “எளவு, நானேல்லா கொண்டு போய்ப் போட்டேன்” என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொன்றும் சொன்னார். இரண்டு வருஷத்தில் ஊருக்கே வந்துவிடுவேன், அமலாவும் என் அம்மாவோடுதான் இருப்பாள் என்று நீ அவரிடம் சொல்லியிருக்கிறாயாம். அதனால்தான் நம் வீட்டுச் சோற்றைப் பார்க்கவே அவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். என்னிடம் சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. இந்தக் கல்யாணம் முறிந்தால் நீ வரமாட்டாய்.

மறுநாள் வைக்கோலைப் புரட்டி மீன்சட்டியை எடுத்து, வியாகுலம்மாள் முன்வாசல் வழியாகவே கொண்டுவந்த மீனை வைத்துப் போட்டேன், கங்குலி ஐயா இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினார், பூனையும் வாயை மூடியது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, அப்பா மூலமாக என்னிடம் ஒன்று கேட்டார். என் மகள் இங்கே பசித்தால் உங்களிடம் எந்தப் பாஷையில் கேட்பாள் என்று. பசிக்கு என்ன பாஷை, முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று சொல்ல வாய் எடுத்தேன். ஐந்து நாள் எதிரே நின்று பரிமாறியவள் நான், எனக்குத் தெரியவில்லையே. கடவம் சுமக்கிறவளுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. அதனால் பெரிய வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, பசிக்கிறது என்பதற்கு உங்கள் பாஷையில் என்ன, இன்னும் கொஞ்சம் போடு என்பதற்கு என்ன, அதைச் சொல்லித் தாருங்கள் என்று கேட்கச் சொன்னேன். ‘கிதே பேயேச்சே’, ‘ஆர் ஏக்டு தாவ்’ என்று சொல்லிக் கொடுத்தார். அம்மாவை அவர்களும் மா என்றுதான் கூப்பிடுவார்களாம், அதைப் படிக்கவேண்டியதில்லை. சுண்ணாம்பு அடித்த அடுக்களைச் சுவரில் அப்பா அந்த இரண்டையும் கரியால் எழுதியிருக்கிறார். நான் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், அப்பா சிரிக்கிறார்.

இன்று காலையில் அவரை ராமேஸ்வரம் போகத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். அவர் கல்கத்தா வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். சம்மதம் என்றோ இல்லை என்றோ வாயால் சொல்லவில்லை, வாய்விட்டுக் கேட்க அப்பாவுக்குத் தைரியம் வரவில்லை. முடிவு சொல்லவேண்டியவள் என் மகள், நான் கண்டதை அவளுக்கு எழுதியிருக்கிறேன் என்று சொல்லி ஒரு தாளை மடித்துக் கொடுத்தார். அதை இதற்குள் வைத்திருக்கிறேன். நான் பத்துத் தரம் பிரித்துப் பார்த்தேன், வங்காள எழுத்து, தலைகீழா நேரா என்றுகூடத் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு குழம்புக் கறை இருக்கிறது, அது மட்டும் எனக்கு வாசிக்கத் தெரிந்தது. இதை உடனே அமலாவின் கையில் கொடு. பாதி வழியில் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. அவள் ஏற்கெனவே முதல் கடிதத்தைப் படித்து அழுதிருந்தால் நீ கோபிக்காதே, நம் தப்பு என்று சொல். நீ ஏதாவது அவசரப்பட்டுப் பேசியிருந்தால் போய் மன்னிப்புக் கேள், பெண் கொடுப்பவரிடம் தலை குனிந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத்தில் திரியாதே.

தாணுமாலயன் உன்னையும் அந்தப் பிள்ளையையும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும். தீர்க்காயுசாக இருங்கள் இரண்டு பேரும். அவள் அந்தத் தாளைப் படிக்கும்போது முகத்தைப் பார்த்து, என்ன முகம் என்று அன்றைக்கே எனக்கு எழுது, நல்லதானாலும் கெட்டதானாலும் எழுது, மறந்துவிடாதே. சுவரில் இருக்கிற எழுத்தை இனிமேல் வெள்ளையடிக்கும்போதும் அழிக்கக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வராமல் போனால் அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படித் தினம் சோறு பொங்குவேன் என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் வழியையே பார்த்திருக்கும் அம்மா
கோ. பகவதி